கடிதம் காத்த நட்பு

யூரியாவை ஆய்வகத்தில் உருவாக்கிய வோலரை வேதியியல் பாடத்தில் அறிந்திருப்பீர்கள். எனக்கு அவரை நெருக்கமாக்கியவை அவருடைய கடிதங்கள்.

வோலரும் கீசன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லீபிக்கும் ஜெர்மானியர். இளமையில் லீபிக் ஆராய்ந்த வெள்ளிச் சேர்மம் வெடித்தது, வோலருடையது வெடிக்கவில்லை. இரண்டின் இயைபும் ஒன்றாக இருந்ததால், வோலரின் பகுப்பாய்வை லீபிக் ஐயுற்றார். மறு ஆய்வில் இருவர் முடிவும் சரியெனத் தெரிந்தது. மாற்றியம் என்னும் கருத்துக்கு அது வழிவகுத்தது, பிணக்கும் நட்பாயிற்று.

1829 முதல் 1873 வரை அவர்கள் எழுதிக்கொண்ட மடல்களில் ஆய்வுச் செய்திகளோடு உடல்நலமும் குடும்ப நலமும் கலந்திருந்தன. 1832இல் வோலர் தம் மனைவியை இழந்தார். ஆறுதல் எழுதிய லீபிக், கீசனுக்கு வருமாறு அழைத்தார். துயர் மிகுந்த அந்நாள்களில் இருவரும் கசப்பு வாதுமை எண்ணெயை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, கரிம வேதியியலின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

லீபிக் எளிதில் சினம் கொள்பவர். 1843இல் அவர் வேறொரு வேதியியலாரோடு பூசலிட்டபோது வோலர் தடுத்து எழுதினார். 1900ஆம் ஆண்டில் நாம் மண்ணோடு கலந்திருப்போம். இப்பூசலை அன்று எவரும் நினையார். உங்கள் அறிவியல் பணியோ நினைக்கப்படும் என்பது அம்மடலின் சாரம். புகழ்பெற்றவரிடம் இவ்வாறு சொல்ல உற்ற நண்பர் வேண்டும்.

மாணவர்களே, உங்களோடு கருத்து மாறுபட்ட தோழருக்கு இன்று ஒரு கடிதம் எழுதுங்கள்.