பெரியமேடு டு நுங்கம்பாக்கம்... வழி: ஒரு பெரிய பை!

'போர்ட்ஃபோலியோ' என்றால் பி.காம். படித்த என் மாதிரி ஆசாமிக்கு ஷேர் மார்க்கெட்தான் ஞாபகம் வரும். சென்னை பெரியமேட்டில், அரசு கவின் கலைக் கல்லூரி வாசலில் கேட்டுப் பாருங்கள். அது ஒரு பை! ஏ-2 சைஸ். ஏறக்குறைய இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம். படித்த படிப்பு மொத்தமும் அதற்குள்ளே.

என் அக்கா மகன் அங்கே விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் கடைசி வருஷம். "படம் போடறவன் சோத்துக்கு என்ன பண்ணுவான்?" என்பது அத்தானின் நிரந்தரக் கேள்வி. இந்த வருஷம் வேலை கிடைக்கவில்லையென்றால் குரூப் ஃபோர் எழுத வேண்டும் என்பது அவர் உத்தரவு.

அந்தக் கேள்விக்கு இந்தச் செங்கல் கட்டடம் ரொம்ப நாளாகவே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1850-ல் இதை ஆரம்பித்தவர் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற டாக்டர். 1898-ல் சாட்டர்டன் என்பவர் இங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார். ஓவியப் பள்ளியில் பாத்திரப் பட்டறை! மெரினாவில் 1959-ல் வைத்த உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி, இங்கே பிரின்சிபாலாக இருந்தவர். அவருக்குப் பின் வந்த பணிக்கர் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். அங்கே ஓவியர்கள் பாத்திக் துணி செய்து விற்று, அந்தக் காசில் படம் வரைந்தார்கள்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு விளம்பர ஏஜென்ஸி. போன வாரமே பி.டி.எஃப். அனுப்பியாச்சு. "பிரின்ட் எடுத்துட்டு நேர்ல வாங்க" என்று பதில். டிரைவர் உத்தியோகம் எனக்கு.

எழும்பூர் மியூசியம் வரை பிரச்னையில்லை. கூவம் பாலம் ஏறினதும் காற்று. பை பாய்மரமாகி விட்டது! என் டி.வி.எஸ். கிட்டத்தட்ட கப்பல். காலேஜ் ரோட்டில் வானிலை ஆய்வு மையத்தைத் தாண்டும்போது முதல் துளி விழுந்தது. பின்னால் ஏதோ அசைகிறதே என்று திரும்பினால், பையன் சட்டையைக் கழற்றிப் பையைப் போர்த்திக்கொண்டிருக்கிறான்!

"டேய், இன்டர்வியூடா!"

"நான் காஞ்சுடுவேன் மாமா. பேப்பர் காயாது."

ஆர்ட் டைரக்டர் ஒரு பெண்மணி. நான் ஆடிட்டர் மாதிரி ஓரமாக உட்கார்ந்தேன். மொத்தம் 26 ஷீட். சென்ட் பாட்டில், ஷூ, கூல்டிரிங்க்... எல்லாம் பளபளா இங்கிலீஷ். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விநாடி. (எண்ணினேன். படித்த படிப்பு அப்படி.)

"இந்த சென்ட்டை யார் வாங்குவாங்க?"

மௌனம்.

"இந்த போஸ்டர்ல உங்க வேலை எது?"

"எழுத்து மட்டும்தான் மேம். போட்டோ ஃப்ரெண்ட் எடுத்தான்."

"நல்லவேளை, சொன்னீங்க" என்று புரட்டிக்கொண்டே போனவர், 19-வது ஷீட்டில் நின்றார். பஸ் போர்டு!

எங்கம்மா, அதாவது அவன் பாட்டி, பஸ் போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் அடுத்த ஸ்டாப்புக்கே போய்விடும். பையன் பாட்டியை மொட்டை மாடியில் நிறுத்தி, 20 அடி, 30 அடி, 40 அடி என்று போர்டைத் தள்ளித் தள்ளி வைத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறான். இங்கிலீஷ் மாதிரி வரிகளை நெருக்கினால், மேல் வரி 'சு'வின் வால் கீழ் வரி 'கி'யின் கொண்டையில் இடிக்கிறதாம். இடைவெளியைக் கூட்டியிருக்கிறான். வழியில் வரும் ஊர்களைக் குறைத்து, சேரும் ஊரைப் பெரிசாக்கியிருக்கிறான்.

"ரஃப் இருக்கா?"

அடித்துத் திருத்திய பதினோரு தாள்களை நீட்டினான். அவற்றை மட்டும் 12 நிமிஷம் பார்த்தார்.

"எங்களுக்கு விளம்பரம் இங்கிலீஷ்லதான் வரும் தம்பி. தமிழ்ல மாத்தினா வார்த்தை நீளமாகி, கட்டத்தை விட்டு வெளியே குதிக்கும். அதைப் பொறுமையா உட்கார வைக்க ஆள் வேணும். இந்த 16 ஷீட்டை எடுத்துடுங்க. பத்து போதும். பஸ் போர்டு முதல்ல வரட்டும், ரஃப்போட. திங்கட்கிழமை வாங்க. மூணு மாசம் ட்ரெய்னி. அப்புறம் பார்க்கலாம்."

சம்பளம், பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். அத்தானிடம் மூன்று மாசத் தவணை வாங்கும் பொறுப்பு என் தலையில்!

நாங்கள் கணக்கு எழுதினால் விற்காத சரக்கையும் இருப்பில் காட்டுவோம். இவர்கள் கழித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ இதுதான் நியாயமான கணக்காகப் படுகிறது. நம் பயோடேட்டாவிலும் டைப்ரைட்டிங் லோயர், கேரம் போர்டு என்று எத்தனை சென்ட் பாட்டில்கள்!

எதிர் டீக்கடையிலேயே பையைத் திறந்து 16 ஷீட்டையும் உருவினான். மழை சாரலடிக்க, டீ மாஸ்டர் பலகார அலமாரியின் உடைந்த கண்ணாடியைக் காட்டி, "அந்த பாட்டில் படத்தைக் குடுங்க தம்பி, மறைச்சுக்கறேன்" என்றார்.

ஒட்டிப் பார்த்தோம். கச்சிதம்! இரண்டு டீக்கும் அவர் காசு வாங்கவில்லை.