துரு சொல்லும் பொய்

ஒளித்து வைத்த கேமராக்களையும் ஒட்டுக்கேட்கும் கருவிகளையும் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை நான் ஆறுமுகநேரியில் கற்றேன். கற்றுத் தந்தவர் முன்பு ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த ஓர் அண்ணாச்சி. உப்பு வியாபாரிகளின் அலுவலகங்கள், திருச்செந்தூருக்குச் சாமி கும்பிட வருகிறவர்கள் தங்கும் விடுதிகள், வாடகை வீடுகள் என எங்கே அழைத்தாலும் என்னையும் கூட்டிப்போவார்.

சேர்ந்த புதிதில் கருவியைத் தொட விடவில்லை. ஸ்க்ரூ டிரைவரும் டார்ச் லைட்டும்தான் கையில். சுவிட்ச் பெட்டி, பிளக் பாயிண்ட், கடிகாரம், சார்ஜர் என ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்துவிட்டுப் பழையபடி மாட்ட வேண்டும். திருகின் தலையில் புதுக் கீறல் இருக்கிறதா, பூச்சு எங்காவது புதிதாக நெருடுகிறதா என்று விரல் நுனியால் தடவச் சொல்வார். “தேடுறதப் பத்தி ரூமுக்குள்ள வாயத் திறக்காத” என்பது முதல் பாடம். கேட்டுக்கொண்டிருப்பவன் உஷாராகித் தூரத்திலிருந்தே கருவியை அணைத்துவிடலாம்.

இந்தப் பொறுமை எதற்கு என்பதை, 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்துப் பெண்கள் விடுதியில் நடந்ததைச் சொல்லி விளக்கினார். அங்கே பிளக் பாயிண்டுக்குள் கேமரா இருந்தது. ஹேர் டிரையரின் பிளக் உள்ளே போகாததால்தான் ஒரு பெண்ணுக்குச் சந்தேகம் வந்தது. முதலில் கண்டுபிடித்தது கைதான்.

அடுத்து ரேடியோ அலையைக் காட்டும் மீட்டர். பக்கத்து வீட்டு வைஃபைக்கும் என் சட்டைப்பையிலிருந்த போனுக்கும் அது துடித்தது. எல்லாவற்றையும் அணைத்த பிறகு முள் அசையாவிட்டால், அறை சுத்தம் என்று நினைத்தேன். அண்ணாச்சி ஒரு பழைய கதை சொன்னார். 1945இல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய சின்னம் ஒன்றைச் சோவியத் சிறுவர்கள் பரிசளித்தார்கள். அதற்குள் இருந்த ஒட்டுக்கேட்கும் கருவிக்கு பேட்டரியே இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலை பாய்ச்சும்போது மட்டுமே வேலை செய்யும். 1952இல்தான் அது அகப்பட்டது.

முள் அசையாததை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான் மூன்றாவது கருவி. நீண்ட கோலின் நுனியில் தட்டையான தலை. அதைச் சுவரை ஒட்டி மெதுவாக நகர்த்த வேண்டும், தோள் கடுக்கும். அது அனுப்பும் அலை டையோடு, டிரான்சிஸ்டர் மீது பட்டால், இரு மடங்கு அதிர்வெண்ணில் பதில் வரும். ஒளித்து வைத்த கருவி அணைந்திருந்தாலும் பதில் வரும். துருப்பிடித்த இரும்பு இன்னொரு உலோகத்தைத் தொடும் இடமும் பதில் தரும். அது பெரும்பாலும் மூன்று மடங்கில் ஓங்கி ஒலிக்கும்.

உப்பளக் காற்று வீசும் ஊரில் துருவுக்கா பஞ்சம்? ஆணி, கீல், ஜன்னல் கம்பி, காரைக்குள் கிடக்கும் கம்பி என எல்லாமே ஹெட்ஃபோனில் கூவின. ஒரு வியாபாரியின் அலுவலகத்தில் சுவரைக் கொத்தவேண்டும் என்றே சொல்லிவிட்டேன். அண்ணாச்சி மறித்து, பூச்சை நகத்தளவு சுரண்டிக் காட்டினார். துரு தின்ற ஆணி. அதன் பிறகும் பல இடங்களில் அதே குழப்பம்தான். இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் கலந்து வரும்போது திரையில் தெரியும் கோடுகளை மட்டுமே நம்பினேன்.

“ஏல, மெஷினு கை காட்டத்தான் செய்யும். தட்டிப் பாத்துட்டுச் சொல்லு” என்று ரப்பர் சுத்தியலைக் கொடுத்தார். சுவரை மெல்லத் தட்டினால் துருப்பிடித்த இணைப்பு அதிரும். ஆடும் பல்லைத் தொட்டதுபோல ஒலி குலைந்து கரகரக்கும். டையோடின் ஒலி அசையாது. பழைய ஆணியை ஒரு பக்கமும் உடைந்த ரேடியோவின் பலகையை மறுபக்கமும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பழகினேன். ஒரு மாலையில் வித்தியாசம் காதுக்கு முன்பே கைக்குத் தெரிந்தது.

பிறகொரு வாடகை வீட்டில், எவ்வளவு தட்டியும் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டியின் ஒலி குலையவில்லை. உள்ளே குரல்பதிவுக் கருவி. அதைத் தொடாமல் வீட்டுக்காரம்மாவை வெளியே அழைத்துச் சொன்னோம். தடயம் கெடாமல் போலீஸார் எடுத்தார்கள்.

பெரும்பாலான வீடுகளில் எதுவும் இருப்பதில்லை. பயந்து கிடக்கும் குடும்பத்திடம் அதைத் தயங்காமல் சொல்லத்தான் இத்தனை பயிற்சியும். இப்போது அண்ணாச்சி என்னைத் தனியாக அனுப்புகிறார். திரும்பி வந்ததும் என்ன கிடைத்தது என்று கேட்பதில்லை. எங்கெல்லாம் தட்டினாய் என்றுதான் கேட்பார். சுவர் சுவராகச் சொல்ல என்னிடம் பதில் இருக்கிறது.