முதல்ல கையை எடுங்க

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் தோள் இடிபடாமல் நடக்க முடியாது. சார்ஜரும் கேபிளும் சிசிடிவி கேமராவும் தொங்கும் கடைகளுக்கு மேலே, குறுகலான மாடிப்படி ஏறினால், ‘டேட்டா ரெக்கவரி’ பலகை மாட்டிய சின்ன அறைகள் இருக்கின்றன. அப்படியோர் அறையில் பிற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணப் புகைப்படக்காரர் ஒருவர் மெமரி கார்டை நீட்டினார். முகூர்த்தப் படங்கள் அழிந்துவிட்டனவாம்.

“அழிச்சப்புறம் இதுல ஏதாவது எடுத்தீங்களா?”

“நாலஞ்சு படம்தாண்ணே. கார்டு ஓடுதான்னு பார்க்க.”

டெக்னீஷியன் உதட்டைப் பிதுக்கினார். அழிப்பதைவிட, அழித்த பதற்றத்தில் செய்வதுதான் இங்கே அதிகம் கெடுக்கிறது. தொலைந்த கோப்பைத் தேடும் மென்பொருளைக் கொண்டுபோய் அதே டிரைவிலேயே நிறுவுகிறவர்களும் உண்டு.

கோப்பை அழிக்கும்போது கணினி வழக்கமாக அதன் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. மெமரி கார்டில் கோப்புகளை அடுக்கும் ஃபேட் முறையில் பெயரின் முதல் பைட்டில் இ5 என்ற குறியை வைத்து, அது இருந்த இடம் காலி என்று அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையிலும் ஏறக்குறைய இதே கதைதான். பத்திரத்தில் பெயரை அடித்தாயிற்று, வீடு இன்னும் இடிபடவில்லை. புதுப் படம் ஒன்று வந்து அதே இடத்தில் எழுதப்படும்போதுதான் பழையது நிஜமாகவே போகிறது.

அதனால் டெக்னீஷியன் கார்டை, எதையும் எழுதவிடாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் வழியாக மாட்டி, செக்டார் விடாமல் முழுவதையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்தார். இனி வேலையெல்லாம் நகலில்தான். அசலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். அட்டவணையும் சிதைந்திருந்தால் கோப்பின் தொடக்கத்தைக் கொண்டு தேடுகிறார்கள். ஜேபெக் படங்கள் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற பைட்டுகளில் தொடங்கும். கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளும் இந்த வழியில்தான் படங்களைப் பொறுக்குகிறது. பெயர்கள் திரும்பாது. படத்துக்குள் பதிந்திருக்கும் நேரத்தைப் பார்த்து, மாலை மாற்றியது எது, தாலி கட்டியது எது என்று வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். வீடியோதான் பாடாய்ப் படுத்துகிறது. துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் தொடக்கம் மட்டும் ஓடி, பிறகு உறைந்து நின்றுவிடும்.

‘டிக் டிக்’ என்று தட்டும் ஹார்ட் டிஸ்க் வேறு வகை வேலை. ஓடும்போது தகட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான். ஒரு தூசி போதும், தகட்டைக் கீறிவிட. வடிகட்டிய காற்று வீசும் மேசையில் திறந்து, ‘டோனர்’ எனப்படும், உதிரிக்காக வைத்திருக்கும் அதே மாடல் டிஸ்க்கிலிருந்து ஹெட்டை எடுத்துப் பொருத்துகிறார்கள். அலமாரி முழுக்க அதற்கென்று சேர்த்த பழைய டிஸ்க்குகள். டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். பெரும்பாலும் போதாதாம். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் போர்டிலுள்ள ரோம் சிப்பில் இருக்கும். அதையும் பழைய போர்டிலிருந்து பெயர்த்துப் புதியதில் பற்றவைக்க வேண்டும்.

எஸ்எஸ்டி வந்தபின் இந்தக் கைத்திறனுக்கு எல்லை விழுந்துவிட்டது. 2009இல் வெளியான விண்டோஸ் 7 முதல், கோப்பை அழித்ததும் டிரிம் என்ற கட்டளை போகிறது. இந்த இடம் இனி வேண்டாம் என்று தெரிந்ததும் எஸ்எஸ்டியே அதைத் துடைத்துவிடுகிறது. லேப்டாப்போடு வந்த ஒருவரிடம் டெக்னீஷியன் இரண்டே கேள்விதான் கேட்டார்.

“எஸ்எஸ்டியா? ஷிஃப்ட் டெலீட்டா? கஷ்டம் சார். பேக்கப் இருக்கான்னு தேடிப் பாருங்க. காசு வேணாம்.”

திறந்து பார்த்ததற்கு ஒரு தொகையும் காத்திருக்க ஒரு வாரமும் கேட்டிருக்கலாம். என்னைக் கேட்டால், கடையை நம்புவதற்கு இந்த மறுப்பைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. யார் யாருடைய குடும்பப் படங்களோ, கணக்கு வழக்கோ இவர் மேசையில் நகலாகக் கிடக்கின்றன. வேலை முடிந்ததும் அவற்றை என்ன செய்வீர்கள் என்றேன். வாடிக்கையாளர் சரிபார்த்துச் சொல்லும்வரை வைத்திருந்து, பிறகு டிஸ்க் முழுவதையும் பூஜ்ஜியத்தால் நிரப்பிவிடுவாராம்.

“சும்மா டெலீட் பண்ணா போதாதுன்னு எங்களுக்குத் தெரியாதா சார்?”