டப்பாவில் வந்த கடல்

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று மருத்துவர் கேட்டால் எங்கள் வீட்டுப் பெண்கள் "ஒண்ணுமில்லை" என்பார்கள். அது பொய்யில்லை. மருந்து என்றால் டாக்டர் எழுதித் தருவது. முடி உதிர்வதற்குப் பக்கத்து வீட்டில் கொடுத்த காப்ஸ்யூல், முட்டிவலிக்குக் கால்சியம், பிரசவத்துக்குப் பிறகு மிச்சமாகிப்போன இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் 'சத்து'. சத்துக்குக் கணக்கு கிடையாது.

என் அண்ணிக்கு எட்டு வருடமாகத் தைராய்டு குறைவு. ஹாஷிமோட்டோ வகை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் இந்த நோய், ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது. விடிகாலையில் வெறும் வயிற்றில் லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம். அதன்பின் அரை மணியாவது காபிகூடக் கூடாது. ஐந்து பேருக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டு, தன் டம்ளரை மட்டும் மூடிவைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டு வருடம் முன்பு அவருடைய டிஎஸ்எச் 3லிருந்து 14க்கு ஏறியது. "மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா?" என்றார் மருத்துவர். "இவளுக்கு மறதி ஜாஸ்தி சார்" என்று பதில் சொன்னது அண்ணன். மருந்து 100 ஆனது. அண்ணி அங்கே வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து தீர்ந்துபோன அட்டைகளை என் முன்னால் பரப்பி, "நீயே எண்ணிக்கோ" என்றார். ஒரு நாள்கூட விடுபடவில்லை. பெண் களைத்துப்போனால் சோம்பல், ரத்தப் பரிசோதனை எண் ஏறினால் மறதி. எவ்வளவு சுலபமான நோயறிதல்!

அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். பச்சை டப்பா ஒன்று, கடல் தந்த கொடை என்று தன்னையே புகழ்ந்துகொண்டது. பொடி எழுத்தில் கெல்ப் பாசித் தூள், கூடவே கால்சியம். ஒரு காப்ஸ்யூலில் அயோடின் 325 மைக்ரோகிராம், தினம் இரண்டு. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 போதும், கர்ப்பிணிகளுக்கு 250. சாப்பாட்டு உப்பில் அயோடின் கட்டாயம் என்று 2006இலேயே ஆகிவிட்டது. ஆக, உப்பிலும் வருகிறது, டப்பாவிலும் வருகிறது.

அயோடின் திடீரென்று குவிந்தால் தைராய்டு சுரப்பி தன் உற்பத்தியைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கும். 1948இல் வுல்ஃப், சைக்காஃப் இருவரும் இதை விவரித்தார்கள். நல்ல சுரப்பி சில நாளில் பழையபடி வேலையைத் தொடங்கிவிடும். ஹாஷிமோட்டோவில் நைந்த சுரப்பியால் பல நேரம் அது முடிவதில்லை. போதாததற்கு, கால்சியம் குடலிலேயே லெவோதைராக்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அண்ணி அந்தக் காப்ஸ்யூலை விழுங்கியது காலைக் காபியோடு. (முடிக்கான மாத்திரைகளில் இருக்கும் பயோட்டின் வேறொரு வம்பு. பல ஆய்வகக் கருவிகளில் டிஎஸ்எச் அளவையே குறைத்துக் காட்டிவிடும்.)

எனக்குச் சொந்த ஊர் பாம்பன் பக்கம். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவள். கெல்ப் அவர்களுடைய பாசி இல்லை, குளிர்ந்த கடல்களில் வளர்வது. ஆனாலும் எங்கள் ஊர்க்காரிகளுக்குக் கிலோவுக்குக் கிடைப்பதையும் அந்த டப்பாவின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க மனம் வரவில்லை.

வேறொரு மருத்துவரிடம் போனோம். டப்பாவைக் கையில் வாங்கி, திருப்பிப் படித்தார் அந்த அம்மா. பாசி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். கால்சியம் இரவுக்கு மாறியது. இரண்டு மாதம் கழித்து டிஎஸ்எச் 0.3. நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை. ஏற்றிய 100 இப்போது அதிகமாகிவிட்டது. மறுபடி 75.

இப்போது அண்ணி எந்த மருத்துவரிடம் போனாலும் வீட்டிலுள்ள டப்பாக்களை மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போகிறார். போன மாதம் ஒன்பது இருந்தன. அதில் இரண்டு என் அம்மாவுடையவை. "இதையும் அப்படியே கேட்டுட்டு வந்துடும்மா" என்று கொடுத்தனுப்பியிருந்தார்.