ஈர்க்குவாணமும் வூலிச் நகரும்

எங்கள் வீட்டில் "றொக்கற்" என்ற சொல்லை யாரும் சும்மா உச்சரிப்பதில்லை. ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஆகவே மகனின் பத்தாவது பிறந்தநாளன்று அவனுடைய மாமா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, "மருமோன், இது றொக்கற். நீயே ஒட்டி, நீயே விடலாம்" என்று சொன்னபோது, என் மனைவி ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போய்விட்டார். பெட்டி இரண்டு கிழமை அலுமாரிக்கு மேலே கிடந்தது. பிள்ளை அதைக் கேட்கவும் இல்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

ஒரு சனிக்கிழமை அவனை வூலிச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். (எழுத்தைப் பார்த்து "வூல்விச்" என்று ரிக்கற் கேட்டு நான் விழித்த காலமும் உண்டு.) பையன் ஆர்சனல் உதைபந்தாட்டக் கழகத்தில் உயிர். அந்தக் கழகம் 1886இல் தொடங்கியது வட லண்டனில் அல்ல, தென்கிழக்கே இந்த வூலிச் ஆயுதச் சாலைத் தொழிலாளரால்தான் என்று சொன்னதும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு முதலில் வாசலில் நின்றது அவன்தான். கழகம் 1913இல்தான் ஹைபரிக்குப் போனது.

ஆயுதச் சாலை இருந்த இடம் இப்போது குடியிருப்பு மாடிகள். தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1994இல் பாதுகாப்பு அமைச்சும் வெளியேறியது. பழைய செங்கல் கட்டடங்கள் சிலவற்றை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். தேம்ஸ் கரையோரம் இரும்பில் வார்த்த மனித உருவங்கள் ஒரு கூட்டமாக நிற்கின்றன. முகமில்லாத, உள்ளே வெறுமையான உருவங்கள். பையன் ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தான். எதிர்க்கரையில் லண்டன் சிற்றி விமான நிலையம். தலைக்கு மேலே விமானம் தாழப் பறந்துகொண்டேயிருந்தது.

அங்கே ஒரு வாங்கில் இருந்து, கொண்டுபோன இடியப்பத்தைத் தின்றபடி கதையைச் சொன்னேன். 1780 செப்டெம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படையும் அவர் மகன் திப்புவின் படையும் கேணல் பெய்லியின் கம்பனிப் படையைத் தோற்கடித்தன. அவர்கள் கையில் இருந்தது இரும்புக் குழாய்க்குள் வெடிமருந்து அடைத்து, நீண்ட மூங்கில் கம்பு கட்டிய வாணம். காகிதக் குழாயைவிட இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும். அதனால் கூடுதலான தூரம் போகும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அந்த வாணங்கள் சில கப்பலேறி இந்த வூலிச்சுக்கே வந்து சேர்ந்தன. வில்லியம் கொங்கிரீவ் என்பவருடைய தகப்பன் இங்கே வெடிமருந்துக் கூடத்துக்குப் பொறுப்பாளர். மகன் இந்த ஆற்றங்கரைச் சதுப்பில் விட்டு விட்டுப் பார்த்து, தன் பெயரில் ஒரு றொக்கற்றைச் செய்தார். 1807இல் கோபன்ஹேகன் நகரம் எரிந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

"அப்பா, கம்பு எதுக்கு?" என்று கேட்டான்.

ஊர்க் கோயில் திருவிழாவில் விடும் ஈர்க்குவாணத்தைச் சொன்னேன். ஈர்க்கு இல்லாவிட்டால் வாணம் தலைகீழாகச் சுழன்று சனத்துக்குள் பாயும். பின்னால் இழுபடும் ஈர்க்குத்தான் அதை நேரே பிடித்து வைக்கிறது. மைசூரின் மூங்கில், கொங்கிரீவின் கம்பு, எங்கள் ஈர்க்கு எல்லாவற்றுக்கும் ஒரே வேலை. "அப்ப எங்கட பெட்டியிலயும் கம்பு இருக்கோ?" என்றான். அப்போதுதான் அவன் பெட்டியை மறக்கவில்லை என்று தெரிந்தது.

பெட்டியில் கம்பு இல்லை. காகிதக் குழாய், பல்சா மரத்தில் மூன்று செட்டைகள், பிளாஸ்ரிக் மூக்கு, ஒரு செம்மஞ்சள் குடை. மீனுக்குச் செட்டை போல அடிப்பக்கத்தில் ஒட்டும் இவைதான் ஈர்க்கின் வேலையைச் செய்கின்றன. இரும்பு ஒரு துண்டும் இல்லாதது தற்செயல் அல்ல. 1950களில் அமெரிக்காவில் சிறுவர்கள் உலோகக் குழாயில் மருந்தை அடைத்து விரல்களை இழந்தார்கள். நெப்ராஸ்காவில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல், காகிதத்தாலும் மரத்தாலும் ஒரு சிறு றொக்கற் செய்தார். ஹரி ஸ்ரைன் என்ற பொறியியலாளர் 1957இல் அதைப் பார்த்துப் பாதுகாப்பு விதிகள் எழுதினார். பிசகினாலும் சன்னம் பறக்காது. இதை நான் மகனுக்குச் சொன்னது குசினிக்குக் கேட்கும்படிதான்.

ஒட்ட மூன்று பின்னேரங்கள் போயின. செட்டை சரிந்தால் றொக்கற்றும் சரியும் என்று அவன் ஸ்கேலை வைத்து வைத்துப் பார்த்தான். எங்களுடையது "ஏ8-3" என்ற மோட்டார். ஒரு சுண்டுவிரல் நீளம். "ஏ" என்பது மொத்த வலு. அடுத்த எழுத்துக்குப் போனால் இரட்டிப்பு. 8 என்பது தள்ளுவிசை. 3 என்பது மருந்து எரிந்து முடிந்தபின் குடையைத் தள்ளும் சிறு வெடி வரும்வரை காத்திருக்கும் விநாடிகள். அந்த வெடியில் குடை கருகாமல் இருக்க, தீப்பிடிக்காத தாளைக் கசக்கி உள்ளே திணிக்கவேண்டும்.

பிள்ளைக்கு இதை வாங்க யோசிக்கும் பெற்றோருக்கு ஒரு சொல். வீட்டுக்குப் பக்கத்துப் பார்க்கில் கொண்டுபோய் விடாதீர்கள். லண்டன் பூங்காக்களில் அனுமதி வேண்டும், விமானப் பாதைகளும் மேலே இருக்கின்றன. பொலிசுக்கு விளக்கம் சொல்லும் நிலைக்குப் புதிதாக வந்த நாம் ஏன் போகவேண்டும்? மோட்டாரை 18 வயதுக்கு மேற்பட்டவரே வாங்கலாம். ஐக்கிய இராச்சிய றொக்கற் சங்கத்தோடு சேர்ந்த கழகங்கள் வயல்வெளிகளில் ஒன்றுகூடுகின்றன, புதியவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறார்கள். எங்களுக்கு மாமாவின் வேலை நண்பர் மூலம் எசெக்ஸில் ஒரு கமக்காரரின் புல்வெளி கிடைத்தது. அவருடைய சம்மதத்தை எழுத்திலேயே வாங்கிக்கொண்டேன்.

சித்திரை விடுமுறையில், காற்று அடங்கிய ஒரு காலை. மனைவியும் வந்தார், ஆனால் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தார். கம்பியில் றொக்கற்றைக் கோத்து, வயரை இழுத்து ஐந்து மீற்றருக்கு அப்பால் நின்றோம். பையன் தமிழில் எண்ணினான். "ஐந்து, நாலு, மூண்டு..." பொத்தானை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. விதிப்படி சாவியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துப் போய்ப் பார்த்தால், கவ்வி கழன்றிருந்தது.

இரண்டாம் முறை "ஸ்ஸ்" என்றது, அவ்வளவுதான்; புகைக்கோடு மட்டும் மிஞ்சியது. ஒரு விநாடிகூட எரிந்திராது. உச்சியில் "டப்" என்று ஒரு சத்தம். நான் குனிந்துவிட்டேன். முப்பது வருடத்துக்குப் பிறகும் முதுகு தானாக வளைகிறது. நிமிர்ந்தபோது கார்க்கதவு திறந்திருந்தது. மனைவி வெளியே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது என்ன சத்தம்?"

"குடை விரிஞ்ச சத்தம், அம்மா! அங்க பாருங்கோ!"

செம்மஞ்சள் குடை ஆடி ஆடி இறங்கி வேலிக்கு அப்பால் விழுந்தது. எடுக்க ஓடியவன் ஒரு செட்டை உடைந்திருக்கிறது என்று கத்திக்கொண்டு திரும்பினான். மீதி இரண்டு மோட்டாரையும் அன்று விடமுடியவில்லை. அதற்குள் இவர் கமக்காரரிடம் போய், தன் ஆங்கிலத்தில், அடுத்த மாதமும் வரலாமோ என்று கேட்டுக்கொண்டிருந்தார்.