பனையேறியும் தேளியும்

துலாம் மாதத்தில் பனையேற்றம் இல்லை. வடகிழக்குப் பருவமழையை நெய்யாற்றின்கரை வட்டத்து மக்கள் துலாவருஷம் என்பார்கள். காலையில் வெயில் தெளிந்திருக்கும். பிற்பகலில் மலைப்பக்கமிருந்து கருமுகில் ஏறி இடியோடு இறங்கும். நனைந்த பனையில் கால் நில்லாது. கலயத்து அக்கானியில் மழைநீர் கலந்தால் கருப்பட்டி உறையாது. ஆகவே பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில், முருக்குத்தடியையும் திளாப்பையும் இறப்பில் செருகிவிட்டுத் தூண்டிலைக் கையில் எடுப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. பனை தராத மாதங்களில் அடுப்பெரியக் குளம்தான் துணை.

அந்த வழக்கத்தின் கடைசி மனிதர்களுள் ஒருவர், வயது எழுபத்தேழு. பனையிலிருந்து இறங்கி இருபது ஆண்டுகள் ஆகின்றன. நெஞ்சிலும் உள்ளங்கால்களிலும் காய்ப்பு மட்டும் இன்னும் மறையவில்லை. ஒரு சனிக்கிழமை விடியலில் அவர் வாழைமூட்டைக் கிளறி மண்புழு சேர்த்துக்கொண்டிருந்தார். மகள்வழிப் பேரன் சிரட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டு வயது, மலையாளப் பள்ளியில் ஏழாம் வகுப்பு.

"நாங்கூழு போதும் மக்களே, மூடி வை."

"மண்ணிரயா பாட்டா?"

"உனக்கு மண்ணிர, எனக்கு நாங்கூழு. மீனு ரெண்டையும் திங்கும்."

இருவரும் சிரித்தார்கள். அன்று மாலை அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்க்க நேரும் என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

ஏரி என்ற சொல் அப்பகுதியின் பேச்சில் இல்லை. வட்டாரத்தின் பெரிய நன்னீர்ப் பரப்பான வெள்ளாயணியைக் காயல் என்பார்கள். மற்றவை எல்லாம் குளங்கள். இவர்கள் சென்ற குளமும் ஏலாவுக்கு நீர் பாய்ச்ச முன்னோர் வெட்டியதுதான். ஏலாவில் இப்போது நெல் இல்லை. ஒரு கரையில் மரச்சீனி, ஒரு கரையில் வாழை, மேட்டில் ரப்பர். நெல் போனபின் குளத்தைத் தூர்வாரவேண்டிய தேவை யாருக்கும் இல்லாமல் போயிற்று. பாதி நீரை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. அடியில் மட்கும் தழை நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடும். அத்தகைய குளத்தில் செவுளை மட்டும் நம்பும் மீன் நெடுநாள் தங்காது. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரே உள்ளிழுக்கும் மீன்களே மிஞ்சும்: வரால், தேளி, முழி, பனையேறிக் கெண்டை. பெரியவருக்கு இந்தக் காரணம் தெரியாது. ஆனால் எந்தெந்த மீன் எந்தெந்த ஆண்டோடு காணாமற்போனது என்பது தெரியும்.

படித்துறையின் உடைந்த கல்லில் அமர்ந்தார்கள். மூங்கில் கம்பில் நூல், நூலில் மயிற்பீலித் தண்டைத் தக்கையாகக் கட்டியிருந்தார்.

"நிழல வெள்ளத்தில விழ விடாத மக்களே. மேல நிக்கவனுக்குக் கீழ உள்ளது தெரியாது. கீழ உள்ளதுக்கு மேல நிக்கவன் தெரியும்."

முதலில் தூண்டிலில் ஏறியது பனையேறிக் கெண்டை. உள்ளங்கை நீளம், கருமை கலந்த பச்சை, செவுள் மூடியின் விளிம்பில் அரத்தின் பல் போன்ற முட்கள். தலைப்பக்கமிருந்து முட்களை மடக்கி அமுக்கிப் பிடிக்கும் முறையைப் பெரியவர் காட்டினார். அடுத்த மீனைப் பிடிக்கும் அவசரத்தில் இந்த மீனைப் பற்களுக்கிடையே கவ்விக்கொள்ளக் கூடாது என்பதையும் மூன்று முறை சொன்னார். கவ்விய மீன் நழுவித் தொண்டைக்குள் புகுந்தால், முட்கள் விரிந்து உள்ளே பூட்டிக்கொள்ளும். வெளியே இழுக்க முடியாது. அப்படி உயிரிழந்தவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் உண்டு. அவர் கேட்டறிந்தது மருத்துவக் குறிப்பு அன்று, பக்கத்து ஊர்ச் சாவு.

"இதுக்குப் பேரு என்ன பாட்டா?"

"பனையேறி."

"அது பாட்டாவுக்க சோலி இல்லியா?"

"எனக்கும் அதே பேருதான்."

"மீனு பனையேறுமா?"

இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. தரங்கம்பாடியில் டேனியக் கம்பெனியின் படையில் பணிபுரிந்த டால்டார்ஃப் என்னும் லெப்டினன்ட், நீர்நிலையொன்றின் கரையில் நின்ற பனையின் பட்டைவெடிப்பில், நீர்மட்டத்திலிருந்து ஐந்தடி உயரத்தில், மேலும் ஏற முயன்றுகொண்டிருந்த இம்மீனை 1791இல் தம் கையால் பிடித்ததாக எழுதினார். அக்குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாகி, ஐரோப்பிய அறிவுலகில் நீண்ட வாதத்துக்கு இடமளித்தது. இருபதாம் நூற்றாண்டில் பி. கே. தாஸ் என்னும் இந்திய விலங்கியலாளர் வேறொரு விளக்கம் தந்தார்: நிலத்தில் ஊரும் மீனைக் காகமும் பருந்தும் கவ்விச் சென்று பனையில் போட்டுவிடுகின்றன, காற்றை உயிர்க்கும் உறுப்பு செவுளுக்கு மேலே இருப்பதால் மீன் அங்கும் சாகாமல் கிடக்கிறது, கண்டவர் அது ஏறியதாக எண்ணுகிறார்.

பெரியவரின் விடை இன்னும் சுருக்கமானது. "நாப்பது வருசம் பனையில இருந்தேன். ஒரு மீனையும் மேல கண்டதில்ல. தரையில நடக்கதக் கண்டிருக்கேன். மழ பெய்யணும்."

பத்து மணிக்குள் மேலும் இரண்டு பனையேறியும் நான்கு சிறு கெளுத்தியும் பானைக்குள் சேர்ந்தன. பிறகு தக்கை ஒரேயடியாக மூழ்கியது. கம்பு வளைந்தது. இருவரும் சேர்ந்து இழுத்துக் கரையேற்றியது முழங்கை நீளமுள்ள ஆப்பிரிக்க முழி. சிறுவன் துள்ளிக் குதித்தான். பெரியவர் மகிழவில்லை. இந்தியாவில் வளர்க்கத் தடைசெய்யப்பட்ட மீன் அது. குளத்துக்குள் புகுந்தால் குஞ்சும் முட்டையும் தவளையும் எதுவும் மிஞ்சாது. 2018ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் கேரளத்துப் பண்ணைகளிலிருந்து அயல்மீன்கள் ஆறுகளுக்குள் பரவியது அனைவரும் அறிந்தது. இந்தக் குளத்துக்கு வெள்ளம் கொண்டுவரவில்லை. யாரோ ஒருவர் கொண்டுவந்து விட்டிருக்கிறார். பெரியவர் அதைக் கல்லில் அடித்துக் கொன்று ஓலைப்பெட்டியில் போட்டார். "திருப்பி விடாத. இது ஒண்ணு கிடந்தா மத்தது ஒண்ணும் கிடக்காது" என்றார்.

நண்பகல் தாண்டியதும் கிழக்கு இருண்டது. கடைசி முறை வீசிய தூண்டிலில் ஒல்லியான கருஞ்சிவப்பு மீன் ஒன்று ஏறியது. மீசை எட்டு, உடலில் செதில் இல்லை. கரைக்கு மேலே வந்ததும் முள்ளிலிருந்து கழன்று புல்லில் விழுந்து நீரை நோக்கி நெளிந்தது. சிறுவன் பாய்ந்தான்.

"தேளி! தேளி!" என்று கத்தினார் பெரியவர்.

பிடி என்று சொல்வதாகச் சிறுவன் எண்ணினான். இரு கைகளாலும் அமுக்கினான். மறுகணம் அவன் எழுப்பிய அலறலில் மறுகரைக் கொக்குகள் எழுந்தன.

அந்த மீனின் மார்புத்துடுப்பில் இரு முட்கள் உண்டு. முள்ளின் அடியில் நஞ்சு. தேளைப் போலக் கொட்டுவதால் தேளி. பெயரே எச்சரிக்கை. தோவாளைப் பக்கத்துக் குளங்களில் தாய்மாமனிடம் மீன்பிடிக்கக் கற்றவர் பெரியவர். அச்சத்தில் வாயில் வந்தது அப்போது கற்ற சொல். சிறுவன் அந்தச் சொல்லை அதுவரை கேட்டதில்லை.

சாலையோரத் தேநீர்க் கடைக்குப் பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு விரைந்தார். கடைக்காரப் பெண்மணி ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரைப் பாத்திரத்தில் ஊற்றி அவன் கையை அதில் அமிழ்த்தினார். வெம்மை இவ்வலியைத் தணிக்கும் என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது. கால்மணி நேரத்தில் அழுகை விம்மலாயிற்று. எது கொத்தியது என்று அப்பெண்மணி மலையாளத்தில் கேட்டார். சிறுவன் பெரியவரின் பானைக்குள் எட்டிப் பார்த்தான். கொட்டிய மீன் அங்கே கிடந்தது. "காரி" என்றான்.

பிறகு பாட்டாவைப் பார்த்துச் சொன்னான்: "காரின்னு விளிச்சிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன்."

குறைகூறும் குரல் அன்று, உள்ளதைச் சொன்னான். காரி கொட்டும் என்பது அவனுடைய பள்ளித் தோழர் அனைவருக்கும் தெரியும். மலையாளத்துக்கு அந்த மீனைத் தெரியாமலில்லை, தமிழுக்கும் தெரியாமலில்லை. ஒரே கரையில் நின்ற இருவருக்கும் இடையில்தான் சொல் கைமாறாமல் நின்றுவிட்டது. பெரியவர் விடை சொல்லவில்லை. தேநீரை வாங்கிப் பேரனுக்கு ஊதிக் கொடுத்தார்.

மாநிலம் பிரிந்ததும் ஒரு துலாம் மாதத்தில்தான். மார்ஷல் நேசமணி முன்னின்று நடத்திய திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழகத்தோடு சேரவேண்டும் எனக் கோரிய வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று பெரியவருக்கு எட்டு வயது. தாய்மாமன் வீடு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது என்று சொன்னார்கள். மறுவாரம் நடந்தே போய்ப் பார்த்தபோது வீடு அங்கேயே இருந்தது என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

எல்லைக்கோடு யாருடைய வீட்டையும் நகர்த்தவில்லை. அது செய்தது மெல்லிய வேலை. பள்ளி ஒரு மொழியில், பாட்டன் இன்னொரு மொழியில் என்றானபின், அடுப்படிச் சொற்களும் உறவுச் சொற்களும் வீட்டில் தங்கின. அன்றாடம் தேவைப்படாத தொழிற்சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பனையேற்றம் நின்றபோது கடிப்பும் பாளை அரிவாளும் போயின. குளம் தூர்ந்தபோது மீன்பெயர்கள் போயின. எவரும் தடுக்கவில்லை, எவரும் கொடுக்கவும் இல்லை. தம்மிடமிருந்த சொற்களைப் பேரனுக்குக் கொடுக்காமல் விட்டவர்களில் தாமும் ஒருவர் என்பது, வெந்நீர்ப் பாத்திரத்துக்கு அருகே அமர்ந்திருந்த பெரியவருக்கு அன்று உறைத்திருக்கவேண்டும். ஏனெனில் வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார்.

"தேளி, உங்களுக்குக் காரி. கெளுத்தி, உங்களுக்குக் கூரி. வரால் ரெண்டு பேருக்கும் வரால்."

"பனையேறி?"

"அதுக்கு இங்க பல பேரு. கல்லேமுட்டின்னு சொல்லுவினும். கரிப்பிடி, கைதக்கோர. ஆளாளுக்கு ஒண்ணு."

வரால் சங்கப் பாடல்களிலும் நீந்துகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெயர் மாறாத மீன் அது. பெரியவர் அதை அறியார். இரு மொழியிலும் ஒரே பெயருள்ள மீன் பேரனுக்கு எளிது என்பதற்காக அதை அவர் இரண்டுமுறை சொன்னார்.

வீட்டில் மகள் தந்தையைக் கடிந்துகொண்டாள். பேரனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று ஊசி போட்டு வந்தாள். கெளுத்திகள் குடம்புளியிட்ட கறியாயின, மரச்சீனி வெந்துகொண்டிருந்தது. பனையேறிகளை மட்டும் மறுநாளைக்கென்று பெரியவர் மண்பானையில் நீரோடு விட்டிருந்தார். சிறுவன் திண்ணையில் அமர்ந்து, கட்டில்லாத இடக்கையால் நோட்டுப் புத்தகத்தில் எழுதினான். இரண்டு பத்திகள், ஒன்றில் பாட்டாவின் பெயர், மற்றதில் பள்ளியின் பெயர். தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது. இரண்டையும் மலையாள எழுத்திலேயே எழுதினான்.

நான்கு மணிக்கு மழை இறங்கியது. முற்றத்தில் நீர் ஓடத் தொடங்கியபோது பானையின் வாயில் கட்டியிருந்த துணி அசைந்தது. ஒரு மீன் எகிறி வெளியே விழுந்தது. செவுள்மூடியை விரித்து மண்ணில் ஊன்றி, வாலால் உந்தி, ஒருபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, ஓடைப்பக்கமாக நகர்ந்தது. நின்றது, மறுபடி நகர்ந்தது.

சிறுவன் நோட்டைக் கீழே போட்டுவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினான்.

"பாட்டா! பனையேறி! பனையேறி நடக்குது!"

பெரியவர் வாசலுக்கு வந்தார். "கைய வைக்காத" என்றார். பிறகு, அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டு, அவரும் அவன் அருகில் நின்று பார்த்தார்.