அணையாத அடுப்பு

பதுளையிலிருந்து நமுனுகுல மலைச்சாரலில் ஏறினால் ஸ்பிரிங்வெளி. அப்பக்கத்து லயமொன்றில், மார்கழிப் பனி இறங்கிய ஓரிரவு நாம் தங்கினோம். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறுகளே அங்கு விறகு. படுக்கும் முன் வீட்டுப் பாட்டி தணலைச் சாம்பலால் மூடினார். காற்றுக் குறைவதால் தணல் மெல்லக் கனன்று, விடியுமட்டும் அணையாதிருக்கும்.

"இந்தச் சூடு இல்லாட்டிப் புள்ளைக தூங்காதுக, ஐயா" என்றார்.

ஆயினும் குழந்தையொன்று இருமிக்கொண்டேயிருந்தது. மூடிய அறையில் தணல் கக்கும் காபனோரொட்சைட்டு மணமற்ற நஞ்சு. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது.

நாம் எடுத்துரைத்ததும் பாட்டி யன்னலைத் திறந்தார். புகை வெளியேறிற்று, குளிர் உட்புகுந்தது. புகையைப் போக்கிச் சூட்டைக் காக்கும் புகைபோக்கி அக்கூரையில் எழும் நாள் எந்நாளோ?